இடது தோள் ஓர் அங்குலம் இறக்கம்

2016ஆம் வருஷம் வைகாசி மாதம், ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, சிதம்பரம் மேலவீதியில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வந்த வெள்ளைக் குதிரை, மாப்பிள்ளையோடு சேர்ந்து முழங்கால் வரை தார்ச்சாலைக்குள் இறங்கியது. சாலை உடையவில்லை, விரிசல்கூட விடவில்லை. களிக்குள் விரல் இறங்குவதுபோல் நான்கு கால்களும் இறங்கின. மாப்பிள்ளையை இறக்கிவிட்டதும் குதிரை காலை உருவிக்கொண்டு மேலே வந்து நின்றது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி இறங்கியது. பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்த பாட்டை முடித்துவிட்டு, அடுத்த பாட்டைத் தொடங்கலாமா என்று கேட்டார்கள். கடைசியில் மாப்பிள்ளையைக் காரில் ஏற்றி அனுப்பினார்கள். கார் இறங்கவில்லை. கார்களுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது.

குதிரையின் பெயர் கஸ்தூரி. அதன் சொந்தக்காரர் ஸ்ரீதர், செல்போன் கடையை மூடிவிட்டுக் கல்யாணக் குதிரைத் தொழிலுக்கு வந்தவர், நல்ல மனிதர், கொஞ்சம் வாய் ஜாஸ்தி. ஒரு வருஷத்துக்குள் மூன்று மாப்பிள்ளைகளோடு குதிரை இறங்கிய பிறகுதான் விஷயம் ஊருக்குப் புரிந்தது. மனசில் வேறொருத்தியை வைத்துக்கொண்டு ஏறுகிறவனைக் கஸ்தூரியால் தரைக்கு மேல் தாங்க முடியவில்லை. தப்புத்தண்டா செய்தவனெல்லாம் ஜம்மென்று ஊர்வலம் போனான். ஏங்கியவனோடுதான் அது இறங்கியது. இது தெரிந்ததும் பெண் வீட்டார் தாங்களே வந்து கஸ்தூரியைக் கேட்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரோ குதிரை என்ற பேச்சை எடுத்தாலே, எதற்கு அந்தப் பழங்காலப் பழக்கம் என்றார்கள். இப்படி இரண்டு வருஷத்தில் ஏழு மாப்பிள்ளைகள் ஆனார்கள். 2018 ஆனி மாதம், முதுகில் யாருமே இல்லாமல் கஸ்தூரி லாயத்தில் இறங்கத் தொடங்கியது. தினம் ஒரு விரற்கடை. பலகை போட்டால் பலகை முறிந்தது. மாட்டு டாக்டர் வந்து பார்த்து, உடம்பில் ஒரு குறையும் இல்லை, எடைகூடச் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கணக்கில் போனால் புரட்டாசிக்குள் முதுகும் மூழ்கிவிடும் என்று தெரிந்த அன்று ஸ்ரீதர் சோறு தின்னவில்லை. யாரோ சொல்லித்தான் கடலூர் தேவனாம்பட்டினத்து யாகப்பனைத் தேடிப் போனார்.

யாகப்பனுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. கடற்கரையில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்கள், கல்யாணக் குதிரை வைத்திருப்பவர்கள் என்று விழுப்புரம் வரை எந்தக் குதிரைக்குக் கிறுக்குப் பிடித்தாலும் இவரிடம்தான் கொண்டு வருவார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டவர்களை மட்டும் தேடிக் கடித்த குதிரையை இவர் சரி செய்திருக்கிறார். வெடிச்சத்தத்துக்குப் பயந்து படுக்கவே மறந்துபோய் ஏழு மாதம் நின்ற திருப்பாதிரிப்புலியூர்க் குதிரையைப் படுக்க வைத்திருக்கிறார். சவுக்கைத் தொட்டதில்லை, குரலை உயர்த்தியதில்லை. ஊருக்கு வடக்கே சவுக்குத் தோப்பு மணலில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஓர் அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். அவ்வளவுதான் வைத்தியம். பக்கத்தில் சொந்தக்காரரும் உட்கார வேண்டும், செல்போன் எடுக்கக் கூடாது. குதிரையைக் கூப்பிடக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. கூப்பிட்டால் பயத்தில் வரும், அது வந்த கணக்கில்லை என்பார். ஒரு நாளோ பத்து நாளோ, குதிரை தானாக நடந்து வந்து அவருடைய இடது தோளில் தாடையை வைக்கும். வைத்துவிட்டால் தீர்ந்தது. முப்பது வருஷம் குதிரைகள் தாடை வைத்து வைத்து அவருடைய இடது தோள் வலது தோளைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. கடைச் சட்டை எதைப் போட்டாலும் கோணலாகத்தான் தொங்கும்.

ஒரு காலத்தில் அவருடைய சட்டை கோணலாகத் தொங்கியதில்லை. அவர் மனைவி ஜான்சி இடது தோளை இறக்கித் தைத்துக் கொடுப்பாள். தையல் அவளுக்குக் கைவந்த வேலை, பேச்சும் அப்படித்தான். அவள் பத்து வார்த்தை பேசினால் இவர் ஒரு முறை தலையாட்டுவார். 2007 ஆவணியில் அவள் தம்பி லியோவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். தாய்மாமன் சீரா, அத்தை சீரா என்று வீடே அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தபோது, யாகப்பன் தோப்பில் ஒரு குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பாதியில் எழுந்தால் ஆறு நாள் வீணாகிவிடும் என்று போகவில்லை. ஜான்சி தனியாகப் போய்ச் சபையில் நின்று, தனியாகத் திரும்பி வந்து, ஏன் வரவில்லை என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்தும் சொல்லவில்லை. அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு காட்டுமன்னார்கோயிலில் பிறந்த வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போனவளைப் புருஷன் போய்க் கூப்பிட்டு அழைத்து வர வேண்டும். இது கடலூரில் கைக்குழந்தைக்கும் தெரியும். யாகப்பனுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த மனிதருக்கு உலகத்தில் நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அவர் கதவைத் தாழ் போடாமல் வைத்தார். தினமும் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவள் தானாக வந்து தோளில் கை வைப்பாள் என்று காத்திருந்தார். பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் அவருடைய இடது தோள் தானாகக் கொஞ்சம் இறங்கும். திரும்பிப் பார்க்க மாட்டார். இப்படிப் பதினோரு வருஷம். அரிசி மில்லில் வேலை பார்க்கும் லியோ நடுவில் இரண்டு முறை வந்து பார்த்தான். இரண்டாவது முறை, ஒரு வார்த்தை வந்து கூப்பிட்டால் அக்கா வந்துவிடும் என்று கெஞ்சினான்.

"வரும் மச்சான். தானா வரும்" என்றார் யாகப்பன்.

போகிற போக்கில் லியோ இன்னொன்றும் சொன்னான். முன்னறையில் ஜன்னலோரம் அக்கா மெஷின் போட்டு உட்காருகிற இடத்தில் தரை இறங்கிக்கொண்டே போகிறதாம், கொத்தனார் இரண்டு தடவை பூசியும் நிற்கவில்லையாம். ஏரி பக்கம், ஈரமாயிருக்கும் என்று யாகப்பன் சொன்னார். அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

கஸ்தூரி ஆவணி முதல் தேதி சின்ன யானையில் வந்து இறங்கியது. அந்தக் குட்டி லாரிக்கு அப்படித்தான் பெயர் என்பதால், குதிரை யானையில் வந்தது என்று தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்கள். மணலில் விட்டதும் வயிறு தட்டும் வரை இறங்கிப்போய், பெரிய கண்களால் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. யாகப்பன் அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்ரீதரும் உட்கார்ந்தார். ஏழு நாள் போயிற்று. கொள்ளு வைத்தால் தின்றது, தண்ணீர் வைத்தால் குடித்தது, ஓர் அடி நகரவில்லை.

எட்டாவது நாள் ஸ்ரீதருக்கு வாய் பொறுக்கவில்லை. கடிவாளம் பிடித்து நடக்கிறவனுக்கு மேலே மாப்பிள்ளை முணுமுணுத்துப் புலம்புவதும் விடுகிற மூச்சும்கூடக் கேட்கும். அப்படிக் கேட்டு வைத்திருந்ததை எடுத்து விட்டார். முதல் மாப்பிள்ளை ஒரு லைப்ரரிப் பெண்ணை நினைத்துக்கொண்டிருந்தான், அவளுக்குத் திருச்சிக்கு மாற்றலாகிவிட்டது, போகிற அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு வாங்கின வறுத்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டானாம். அவள் பெயர் கனிமொழி என்று ஸ்ரீதர் சொல்லி முடித்தபோது, கஸ்தூரி ஒரு சாண் மேலே வந்தது முன்னால் மணலில் கிடந்த அதன் நிழலில் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்ரீதர் இரண்டாவது மாப்பிள்ளையைச் சொன்னார். இன்னும் ஒரு சாண். வாழ்க்கையில் அந்த வாய்க்கு அதுவரை அப்படி ஒரு பிரயோஜனம் கிடைத்ததில்லை. பொழுது சாய்வதற்குள் ஏழு பேரையும் சொல்லித் தீர்த்தார். கஸ்தூரி நாலு குளம்பும் மணலுக்கு மேல் தெரிய நின்று உடம்பை ஒரு உதறு உதறியது.

பிறகு அது நடந்து வந்து யாகப்பனின் இடது தோளில் தாடையை வைத்தது. வைத்ததும் யாகப்பன் அன்னக்கூடையோடு இடுப்பு வரை மணலுக்குள் இறங்கினார். எத்தனையோ குதிரைகள் தாடை வைத்த தோள் அது. அவற்றுக்கெல்லாம் தெரியாதது இதற்குத் தெரிந்திருந்தது.

ஸ்ரீதர் பக்கத்தில் மண்டியிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அது அவருக்குப் பெரிய விஷயம். அப்புறம் கேட்டார்.

"யாருண்ணே?"

அலை வந்து வந்து போயிற்று. பதினோரு வருஷமாக அந்தப் பெயரை யாகப்பன் உரக்கச் சொன்னதில்லை.

"ஜான்சி" என்றார். அவர் நாலு விரற்கடை மேலே வந்தார். மறுபடி சொன்னார், மறுபடி மறுபடி சொன்னார், அதற்கு மேல் வரவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்னாண்ணே ஆவப்போவுது" என்றார் ஸ்ரீதர். "அவுங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

கயிற்றைக் கட்டிக் கஸ்தூரியை இழுக்க வைத்து அவரை வெளியே எடுத்தார். பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரம். சொல்ல வேண்டியது அதற்குள் தயாராகாது என்று யாகப்பன் நடந்தே கிளம்பினார். வழியில் எங்கேயாவது முழுசாக இறங்கிவிட்டால் தூக்க ஆள் வேண்டும் என்று ஸ்ரீதர் குதிரையைக் கூடவே அனுப்பினார். ஆலப்பாக்கம் வரை அவருடைய காலடி தார்ச்சாலையில் ஒரு விரல் ஆழம்தான் பதிந்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது உள்ளங்கை ஆழம். சிதம்பரத்தில் கணுக்கால். நெருங்க நெருங்க ஏக்கம் குறையும் என்று நினைத்தவர் அவர். அது அப்படி இல்லை. வீராணம் ஏரிக்கரையில் தண்ணீர் பளபளவென்று கிடக்க, அவர் ஓர் அடி எடுத்து வைத்து முழங்கால் வரை இறங்கி, கஸ்தூரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காலை உருவி, அடுத்த அடி வைத்தார். லால்பேட்டையில் டவுன் பஸ் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் வேண்டுதல் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு லியோ வீட்டுத் தெருவில் நுழைந்தபோது தொடை வரை இறங்கியிருந்தார். வாசலுக்கு நேரே வந்ததும் இடுப்பு வரை இறங்கினார். கஸ்தூரி அதற்கு மேல் இழுக்கவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டது.

கதவு திறந்திருந்தது. முன்னறையில் ஜன்னலோரம், தையல் மெஷினும் ஸ்டூலும் ஜான்சியும் ஒரு முழப் பள்ளத்துக்குள் இருந்தார்கள். சுற்றிலும் கொத்தனார் ஓரம் பூசி நேர்த்தி செய்திருந்தார். வீட்டில் எல்லாரும் அதைச் சுற்றிப் போகப் பழகியிருந்தார்கள். ஜான்சிக்குத் தலை நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். அவள் உள்ளே இறங்கியிருந்தாள், இவர் வெளியே இறங்கியிருந்தார். அதனால் இரண்டு பேருடைய முகமும் நேருக்கு நேராக ஒரே மட்டத்தில் இருந்தன. யாகப்பனுக்கு அப்போதுதான் ஏரி ஈரம் எதுவென்று விளங்கியது. மூன்று நாளாக நடந்து தயார் செய்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"ஜான்சி" என்றார். "வூட்டுக்கு வா."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இத சொல்றதுக்கா பதினோரு வருஷம்?"

"குதிரையக் கூப்புடக் கூடாது. கூப்புட்டா மெரண்டுடும். அதான்…"

"நான் என்னா குதிரையாய்யா?" என்றாள் ஜான்சி. கேட்டு முடிக்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவரும் தெருவில் நின்றபடியே அழுதார். இல்லை என்று சொன்னார், தெரியாமல் போய்விட்டது என்றும் சொன்னார். ஞானஸ்நானத்துக்கு ஏன் வரவில்லை என்பதையும் அப்போதே சொன்னார். ஒவ்வொன்றும் சொல்லச் சொல்ல இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தார்கள். மெஷினும் ஸ்டூலும் மட்டும் கீழேயே நின்றன. மில்லிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த லியோ, குதிரையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், இன்னொரு இலை போடச் சொன்னான்.

சாப்பிட்ட பிறகு ஜான்சி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பதினோரு சட்டை இருந்தது, கிறிஸ்துமஸுக்கு ஒன்றாக. அளவெடுக்க ஆள் இல்லாமல், இந்த வருஷம் எத்தனை குதிரை வந்திருக்கும் என்று நினைத்து நினைத்து, இடது தோளை வருஷா வருஷம் ஒரு நூல் கூடுதலாக இறக்கித் தைத்திருந்தாள். யாகப்பன் கடைசிச் சட்டையைப் போட்டுப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. மற்ற பத்தும் அவர் போடாமலே போன வருஷங்களின் அளவில் இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் பஸ்ஸில்தான் திரும்பினார்கள். கஸ்தூரியை ஸ்ரீதர் வந்து ஓட்டிப் போனார். இப்போதும் அது கல்யாணத்துக்குப் போகிறது. யாராவது மாப்பிள்ளையோடு இறங்கினால், ஸ்ரீதர் ஊர்வலத்தை நிறுத்தி, அவனைத் தனியாக அழைத்துப்போய், பெயரைச் சொல்லச் சொல்கிறார். சிலர் சொல்லிவிட்டு ஏறிக்கொள்கிறார்கள், சிலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

யாகப்பன் தோப்பில் இன்னும் குதிரைகளுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார். வீட்டு வாசலில் மட்டும் நாற்காலி தெருவைப் பார்த்துக் கிடக்கிறது. ஐப்பசி மழையில் ஏரிக்கரைச் சாலையில் உள்ள அவருடைய காலடிகளில் தண்ணீர் நிற்கும், பைக்கில் போகிறவர்கள் பார்த்து ஒதுங்கிப் போவார்கள். லியோ வீட்டு முன்னறைப் பள்ளத்தை மூடவில்லை. மெஷினை எடுத்துவிட்டு, அதில் தேங்காய் போட்டு வைத்திருக்கிறார்கள்.