அன்ரனிற்றாவுக்குப் பிறகு

கிண்ணத்தை வென்ற மறுவாரமே எல்லோரும் அடுத்த வருடத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பெண்கள் உதைபந்தாட்டத்தில், ஜெர்மனியின் ஹனோவரில் இருக்கும் எங்கள் அணி அதற்கு முன் அரையிறுதியைக்கூடக் கண்டதில்லை. யூன் மாதம் கொட்டும் மழையில் நடந்த இறுதியாட்டத்தில் பெனால்டி உதைகளில் வென்றோம். எங்கள் பந்துக்காப்பாளர் அன்ரனிற்றா இரண்டு உதைகளைத் தடுத்தாள். மாணவர் சஞ்சிகையில் அவளுடைய படத்தை அட்டையில் போட்டு, உள்ளே 'இனி என்ன?' என்று ஒரு கட்டுரை எழுதினார்கள்.

கேள்வியில் நியாயம் இருந்தது. பல்கலைக்கழக அணி ஒன்றினால் வெற்றியைச் சேர்த்துவைக்க முடியாது. ஒருத்தி நன்றாக விளையாடப் பழகும் வருடத்திலேயே படிப்பை முடித்துக்கொண்டு போய்விடுவாள். இந்த முறை ஐந்து பேர் போகிறார்கள். நான்கு இடங்களுக்கு ஆள் இருந்தது. நடுக்களம் அப்படியே மிஞ்சியது. முதலாம் வருடத்திலிருந்து வந்த இருவர், போனவர்களைவிட வேகமாக ஓடினார்கள். ஐந்தாவது இடம்தான் பிரச்சினை. அது கோல். அன்ரனிற்றாவுக்கு எர்லாங்கனில் வேலை கிடைத்திருந்தது. செப்டெம்பரில் அவள் அங்கே போகிறாள்.

இரண்டாவது பந்துக்காப்பாளர் நான். இரண்டு வருடங்களாக அவளுக்குப் பின்னால் மாற்று ஆட்டக்காரிகளின் வாங்கில் இருந்தவள். வாங்கில் இருப்பது எனக்குச் சலித்ததில்லை. ஓரமாக இருந்து பார்க்கும்போது ஆட்டம் மெதுவாக நடப்பதுபோலத் தெரியும். பந்து புறப்படுவதற்கு முன்பே அது எங்கே போகப்போகிறது என்று சில நாட்களில் தெரிந்துவிடும். பயிற்சியில் நான் நன்றாகவே காத்தேன். ஆனால் எனக்கு ஒரு குறை இருந்தது. நான் கத்துவதில்லை.

பந்துக்காப்பாளர் கத்தவேண்டும். பின்னால் நிற்பதால் முழு மைதானமும் தெரிவது அவளுக்கு மட்டும்தான். உயரத்தில் வரும் பந்தை அவள் எடுக்கப் போகிறாளா, முன்னால் நிற்கும் பின்கள ஆட்டக்காரி அடிக்கவேண்டுமா என்று ஒரு கணத்துக்குள் யாராவது சொல்லியாகவேண்டும். 'எனது' என்பதற்கு ஜெர்மனியில் பொதுவாக 'லியோ' என்று கத்துவார்கள். அன்ரனிற்றா 'விடு!' என்று கத்துவாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், முன்பு மன்னாரில் விளையாடிய அவளுடைய தகப்பன் யோசேப்பு அவளுடைய கோலுக்குப் பின்னால் நின்று அப்படிக் கத்திக் கத்தி அது அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடத்தில் எங்கள் பின்களத்து ஜெர்மன் பெண்களுக்கும் அது பழகிவிட்டது. தமிழில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். 'விடு' என்ற சத்தம் கேட்டதும் கால்கள் தாமாக நின்றுவிடும்.

யோசேப்பு அங்கிள் நகர பஸ் ஓட்டுநர். மகளின் ஆட்டம் உள்ள நாட்களில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்து, கோல்வலைக்குப் பின்னால் மடக்குக் கதிரையை விரித்து உட்காருவார். உட்காருவார் என்று சொன்னாலும், ஆட்டம் தொடங்கிய பிறகு கதிரை சும்மாதான் இருக்கும்.

கிண்ணம் வென்றதற்காக அவர் வீட்டில் ஒரு விருந்து வைத்தார். கோழி வாட்டும் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப அடுத்த வருசம் முடிஞ்சுது, என்ன?"

"ஏன் அங்கிள்?"

"ஏனோ? இந்தா, இப்பவே உன்ர குரல் எனக்குக் கேக்கேல்ல. கோழியின்ர சத்தம் உன்னைவிடப் பெரிசாக் கேக்குது."

"அது செத்த கோழி, அப்பா," என்றாள் அன்ரனிற்றா.

"அதைத்தான் நானும் சொல்லுறன். செத்த கோழியே சத்தம் போடுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அன்ரனிற்றா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஆதிரை, உண்மையைச் சொல்லடி. உனக்கு அந்த இடம் வேணுமோ, இல்லாட்டி வாங்கில இருந்து புத்தகம் வாசிக்கிறதுதான் விருப்பமோ?"

"வேணும்," என்றேன்.

"என்ன?"

"வேணும் எண்டு சொன்னனான்."

"எனக்கு முதலே கேட்டது. திருப்பி ஒருக்காக் கேக்க ஆசையா இருந்துது, அவ்வளவுதான்."

எங்கள் பயிற்சியாளர் பிரிட்டா சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். அடுத்த பயிற்சி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். கீல் நகரிலிருந்து மரைக்கே என்றொருத்தி மாஸ்டர் படிப்புக்காக வருகிறாள், அங்கே ஒரு பெரிய கழகத்துக்குக் காத்தவள் என்றார். யூலை கடைசிச் சனிக்கிழமை, ஹில்டெஸ்ஹைமுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கழகத்தோடு சிநேகபூர்வ ஆட்டம் இருக்கிறது.

"அன்றைக்கு முழு ஆட்டமும் நீதான் காக்கப்போகிறாய். மரைக்கேயும் பார்க்க வருவாள். ஆட்டம் முடிந்த கையோடு, செப்டெம்பரில் யார் முதலாவது என்று சொல்லிவிடுவேன்," என்றார். "உன் கைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை, ஆதிரை. நான் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். உன் குரல் அங்கே கேட்கவேண்டும். கேட்டால் இந்த அணிக்கு இன்னும் மூன்று வருடத்துக்குப் பயமில்லை. நீ இப்போதுதான் இரண்டாம் வருடம் முடித்திருக்கிறாய்."

மூன்று வருடம் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சஞ்சிகைக்காரர்கள் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

ஆட்டத்தன்று வெயில் நன்றாக எறித்தது. கிராமத்து மைதானத்தைச் சுற்றிச் சோளம் நின்றது. யோசேப்பு அங்கிள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, பழக்கதோஷத்தில் என் கோலுக்குப் பின்னால் கதிரையை விரித்தார். மகள் விளையாடாத ஆட்டத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. சோளக்கரையோடு சாய்ந்து நின்ற உயரமான பெண்தான் மரைக்கே என்று பார்த்ததும் தெரிந்தது. அவள் என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பந்துக்காப்பாளர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

முதல் அரைமணி நேரம் நன்றாகப் போனது. இரண்டு பந்துகளைப் பிடித்தேன், ஒன்றைத் தட்டிவிட்டேன். 'லியோ' என்று இரண்டு தடவை கத்தினேன். வாய்க்குள்ளேயே உடைந்துபோன சத்தம் அது. நடுக்கோட்டில் பிரிட்டா கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் காட்டினார்.

அதன் பிறகு ஒரு நீண்ட பந்து வந்தது. அது யோஹானாவின் பந்து. யோஹானா எங்கள் பின்களத்தின் நடுவில் நிற்பவள், அணியில் எல்லோரிலும் நம்பிக்கையான ஆள். அவள் தலையால் அடிப்பதற்குச் சரியான இடத்தில் நின்றாள். அதைக் கண்டு நான் கோல் கோட்டிலேயே நின்றேன். அவள் எம்பப் போகும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் மைதானம் முழுவதும் கேட்கும்படி எழுந்தது.

"விடு!"

யோஹானா விட்டாள். பந்து அவளுக்குப் பக்கத்தில் விழுந்து துள்ளியது. எதிரணிக்காரி ஒருத்தி ஓடிவந்து, யாரும் தடுக்காமல், அதை என் வலதுபக்க மூலைக்குள் தட்டிவிட்டாள்.

யோஹானா என் பக்கம் திரும்பினாள். "நீ விடச் சொன்னாயே!"

"நான் சொல்லவில்லை."

இரண்டு பேரும் வலையின் ஊடாகப் பின்னால் பார்த்தோம். யோசேப்பு அங்கிள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அப்பா!" என்றாள் அன்ரனிற்றா.

"வாய் தானா வந்திட்டுது, பிள்ளை."

"உங்கட வாய் எப்பதான் கேட்டு வந்தது?"

இடைவேளையில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகக் குத்தியது. யோசேப்பு அங்கிளின் குரலைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்த இடத்தில் என் குரல் இருந்திருந்தால் அவருடையது எடுபட்டிருக்காது. பிரிட்டா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். புல்லைப் பார்த்துக்கொண்டு, ஏன் எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை என்று யோசித்தேன். பயமில்லை. வெட்கமும் இல்லை. எனக்குக் கிடைத்த விடை சின்னது. 'எனது, எனது' என்று கத்திக்கொண்டு ஒன்றை எடுக்கப் போக எனக்கு வராது. வேண்டியதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வதுதான் என் பழக்கம். ஆனால் யாரையாவது கூப்பிடவேண்டும் என்றால் என்னால் கூப்பிட முடியும். தெருவில் தம்பி சைக்கிளோடு குறுக்கே பாய்ந்தபோது நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு யன்னல் திறந்திருக்கிறது.

எழுந்து போய்ப் பின்களத்தில் நிற்கும் நான்கு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டேன். அவர்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

"இனி விடு இல்லை. லியோவும் இல்லை," என்றேன். "நான் பேசாமல் இருந்தால் பந்து என்னுடையது. விலகுங்கள். உங்கள் பெயரைக் கேட்டால் அது உங்களுடையது. அடியுங்கள். வேறு என்ன சத்தம் வந்தாலும், எந்த மொழியில் வந்தாலும், காதில் போடவேண்டாம்."

யோஹானா புருவத்தை உயர்த்தினாள். "தலைகீழாக இருக்கிறதே. நீ சொல்ல மறந்துபோனால்?"

"மறந்தாலும் என்னுடையதுதான். நான் வருவேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படியென்றால் பிழை நடந்தால் எப்போதும் உன் பிழைதான்."

"ஓம்," என்றேன். தமிழில் சொன்னேன் என்று பிறகுதான் உறைத்தது. அவளுக்கு விளங்கியிருந்தது.

பிரிட்டா எட்ட நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. "இதை நாற்பத்தைந்து நிமிடம் பார்க்கிறேன்," என்றார்.

பக்கம் மாறியதும் யோசேப்பு அங்கிளும் கதிரையைத் தூக்கிக்கொண்டு என் கோலுக்குப் பின்னால் மாறி வந்தார். இரண்டாவது பாதி தொடங்கி முதல் உயரப்பந்து வந்தபோது, "யோஹானா!" என்று கூப்பிட்டேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சோளத்துக்குள் இருந்து இரண்டு காகங்கள் எழும்பின. யோஹானா தலையால் அடித்துப் பந்தை நடுக்களம் வரை அனுப்பினாள். அடுத்தது இடதுபக்கம். அதற்கும் ஒரு பெயர் இருந்தது. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனேன். பந்து இல்லாத நேரத்திலும் கூப்பிட்டேன், முன்னே போ, உள்ளே வா என்று. கத்துகிறேன் என்ற நினைப்பே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பிரிட்டாவின் கை காதுக்குப் பின்னால் போவதை விட்டுவிட்டது.

முதலாம் வருடத்துப் பெண்களில் ஒருத்தி சமன் செய்தாள். பிறகு இன்னொருத்தி தூரத்தில் இருந்து அடித்த அடி கம்பத்தில் பட்டு உள்ளே போனது. இரண்டுக்கு ஒன்று.

முடியப்போகும் நேரத்தில் எதிரணிக்கு ஒரு கோர்ணர் உதை கிடைத்தது. அவர்களுடைய பந்துக்காப்பாளரும் சேர்ந்து என் முன்னால் வந்து நின்றாள். பந்து வளைந்து, உயர்ந்து, எல்லோருடைய தலைக்கும் மேலே வந்தது. வாயைத் திறக்காமல் கோட்டை விட்டுப் புறப்பட்டேன். எனக்குப் பின்னால் யோசேப்பு அங்கிள் தாங்கமுடியாமல் கத்தினார்.

"அடி! அடி! விடு! இல்லை, அடி!"

ஒருத்தியும் திரும்பவில்லை. என் குரல் கேட்கவில்லை என்பதால் யோஹானா தோளைச் சாய்த்து விலகினாள். அவள் விட்ட இடைவெளிக்குள் எம்பி, இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தேன். என் மேல் மூன்று பேர் விழுந்தார்கள். பந்தை நான் விடவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பிரிட்டா வந்தார். மரைக்கேயும் பக்கத்தில் நின்றாள். கிட்டத்தில் பார்க்க, அவள் இன்னும் உயரமாக இருந்தாள்.

"இப்படி ஒரு முறையை நான் இதுவரை கண்டதில்லை," என்றார் பிரிட்டா. "ஆனால் எனக்குக் கேட்டது. அப்படியென்றால் மரைக்கேக்கு நான் என்ன சொல்லட்டும்?"

நான் மரைக்கேயைப் பார்த்தேன். அவளுடைய கைவிரல்களில் பழைய கட்டுப் போட்ட தழும்புகள். நல்ல பந்துக்காப்பாளர் என்பதில் சந்தேகமில்லை.

"வாங்கு காலியாக இருக்கிறது என்று சொல்லுங்கள்," என்றேன். "அங்கே இருந்து பார்த்தால் ஆட்டம் நன்றாகத் தெரியும்."

பிரிட்டா வாய்விட்டுச் சிரித்தார். மரைக்கேயும் சிரித்தாள். ஆனால் உடனே, "நான் அங்கே கனகாலம் இருக்கமாட்டேன்," என்றாள்.

"நானும் அங்கே அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன்."

"செப்டெம்பரில் நீதான் முதலாவது," என்றார் பிரிட்டா என்னிடம். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "இந்த வருடம் எனக்கு ஒரு பந்துக்காப்பாளர் போகிறாள் என்று சஞ்சிகையில் அழுதார்கள். எனக்கு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்," என்றார்.

திரும்பும்போது யோசேப்பு அங்கிளின் காரில்தான் வந்தேன். நான் முன்னால் இருந்தேன். அன்ரனிற்றா பின்னால், மடக்குக் கதிரையோடு நெருக்கிக்கொண்டு இருந்தாள். அங்கிள் நெடுஞ்சாலைக்கு ஏறும்வரை வாயைத் திறக்கவில்லை. அவர் அப்படி இருந்ததை நான் கண்டதில்லை.

"அந்தக் கோலை என்ர கணக்கில எழுது, பிள்ளை," என்றார் கடைசியில்.

"அப்பவே எழுதியாச்சு, அங்கிள்."

"ம்." கண்ணாடியில் மகளைப் பார்த்தார். "இவள் எர்லாங்கனுக்குப் போயிடுவாள். அங்க பனிக்குள்ள ஆர் போய்ப் பாக்கிறது? எனக்குச் சனிக்கிழமையில வீட்டில இருக்க ஏலாது. உங்கட ஆட்டத்துக்கு… நான் கோலுக்குப் பின்னுக்கு வந்து நிக்கலாமோ?"

நான் பதில் சொல்லவில்லை. வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. தூரத்தில் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றின. அவர் ஒருமுறை என் பக்கம் பார்த்தார், இன்னொருமுறை பார்த்தார்.

"என்ன, ஒண்டும் சொல்லுறாளில்ல? வரவேண்டாம் எண்டா வரவேண்டாம் எண்டு சொல்லலாம்தானே."

பின்னால் இருந்து அன்ரனிற்றா அவருடைய தோளில் தட்டினாள்.

"ஐயோ அப்பா, முழு ஆட்டமும் பாத்தும் உங்களுக்கு விளங்கேல்லையோ? அவள் கதைக்கேல்ல எண்டா, அது அவளின்ர. இனி நீங்களும் அவளின்ர ஆள்தான்."

அங்கிளுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு அவர் கதிரையைச் சரியாக வைக்கும்படி மகளை அதட்டத் தொடங்கினார். செப்டெம்பர் வரைக்கும் அது உடையாமல் இருக்கவேண்டுமாம்.