நாயைப் பற்றிய மனு

எழுத்துக் கூட்டி எழுதுவது என் தங்கைக்குக் குதிரைக்கொம்பு. அது அவளுடைய கற்றல் குறைபாடு என்று சொல்லிப் பள்ளியே ஒரு மடிக்கணினி கொடுத்திருந்தது. முதல் எழுத்தைத் தட்டினால் அது சில சொற்களைக் காட்டி வாசிக்கும். வேண்டியதை அவள் தொட்டால் போதும். வீட்டில் யார் எதை அடித்தாலும் அந்தச் சொற்களை அது கற்றுக்கொள்ளும்.

ஒரு மாதமாக அதில் அதிகம் அடித்தவர் அப்பா. புகார் மனு எழுதுவதில் அவர் புலி. தெருவிளக்கு எரியாவிட்டால் மூன்று மனு, பகலில் எரிந்தால் இன்னும் ஒன்று.

கட்டுரையில் முன்னேற்றம் தெரியாவிட்டால் கணினியைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அன்று அப்பா, தங்கை, நான் என எங்கள் மூவரையும் எதிரில் உட்காரவைத்து, ‘எங்கள் நாய்’ என்ற கட்டுரையை அவரே வாசித்தார்.

“எங்கள் நாய் கடந்த மூன்று மாதங்களாகக் குளிப்பாட்டப்படவில்லை. பலமுறை முறையிட்டும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை.”

அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

“பிழை ஒண்ணுகூட இல்ல,” என்றார் தலைமையாசிரியை. “ஆனா இது நீ எழுதினதாம்மா?”

“நான்தான் டீச்சர். அது காட்டும், எது சரின்னு பாத்து நான் தொடுவேன்.”

“அப்ப அந்த நாய்?”

“அதுவும் நிஜந்தான் டீச்சர். அப்பாகிட்டதான் முறையிட்டேன்.”

கணினியை இன்னும் ஓராண்டு வைத்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியை கையெழுத்திட்டார்.

வெளியே வந்ததும், தலைமையாசிரியைக்கு விளக்கக் கடிதம் ஒன்று அடிக்க வேண்டும் என்று அப்பா தங்கையிடம் கணினியைக் கேட்டார். தங்கை அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“முதல்ல நடவடிக்கை எடுங்கப்பா,” என்றாள்.