யோசேலுக்குப் போட்ட கோடி

நூறு வருடங்களுக்கு முன் கலிலேயாவில் குடியேறி, யூதர்களின் வயல்களைக் குதிரையேறிக் காவல் காத்து, கடைசியில் சுடப்பட்டுச் செத்த யோசேலின் கதையை அரியூர் நாடு என்ற மலைக் கிராமத்துப் பள்ளி ஆண்டு விழாவில் ஊர்க்காரர்களை வைத்து நாடகமாகப் போட்டார் ஸ்டீபன் வாத்தியார். மரவள்ளிக் காட்டில் பன்றி விரட்டுகிற அர்த்தனாரிதான் யோசேல்.

வெடிச் சத்தம் கேட்டதும் அர்த்தனாரி செத்து விழுந்தான். நாலு பேர் பிணத்தைத் தூக்கக் குனிந்தார்கள்.

“நில்லுங்க! தாய்மாமன் நான் இருக்கேன், பொணத்துக்குக் கோடித்துணி போடாம எப்படித் தூக்குவீங்க?”

கூட்டத்திலிருந்து அழுதுகொண்டே மேடையேறிய, அர்த்தனாரியின் தாய்மாமன் பெரியண்ணன், தோளில் கிடந்த புத்தம்புதுப் பட்டுத் துண்டை எடுத்துப் போர்த்தினார். இதே மருமகனின் கல்யாணத்துக்குக்கூடக் கைக்குட்டை வாங்கித் தராத மனிதர்! பிணம் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டது.

திரை விழுந்ததும் மாமா கையை நீட்டினார். “துண்டக் குடு சாமி.”

அர்த்தனாரி அதை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டான்.

“செத்தவனுக்குப் போட்டதத் திருப்பிக் கேக்கலாமுங்களா மாமா?”