முதுகில் ஜிப் வைத்த கவுன்

பகல் நேரக் காப்பகத்தின் பொறுப்பாளர் நல்ல மனுஷிதான். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். அன்றைக்கும் நாற்காலி போட்டார்.

"உங்கம்மா இன்னைக்கும் ஹால்ல நின்னு துணியைக் கழட்டிட்டாங்க. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டதா நெனப்பு போல. நாலு பேர் வந்துபோற இடம்மா இது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால வச்சுக்க முடியாது. முதுகுப் பக்கம் ஜிப் வச்சு ஏதாவது தைச்சுப் போட்டு விடுங்களேன். உங்களுக்குத்தான் தைக்கத் தெரியுமே."

மகள் தலையை ஆட்டினாள். அவமானமாக இருந்திருக்க வேண்டும், இல்லை. அழுகை வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. பெற்ற அம்மா தன்னை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, கிள்ளினாலும் வேறு யாரையோ கிள்ளுவதுபோல இருந்தது.

காப்பகம் இல்லையென்றால் அவளால் கண்ணாடிக் கடை வேலைக்குப் போக முடியாது. அரை நாள் லீவு கேட்டாலே முதலாளி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அம்மாவைத் தனியாக வீட்டில் விடவும் முடியாது. அண்ணன் ஒருவன் வெளியூரில் இருந்தான். யோசனையைத் தவிர வேறு எதையும் அனுப்பிப் பழகாதவன். விஷயத்தைச் சொன்னதும், "ஜிப்புதான் கரெக்ட். நான் அப்பவே நெனச்சேன்" என்றான். எதைச் சொன்னாலும் அதை அப்போதே நினைத்திருக்கிற பாக்கியவான்.

அம்மா தன் உடுப்பைத் தானே வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டவள். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்த பிறகு, முதுகில் திறக்கிற எதையும் அவள் தைத்ததில்லை. "பின்னாடி கொக்கி வச்சா மாட்டிவிட ஒரு ஆளைத் தேடணும். எனக்கு எதுக்கு அந்த வம்பு" என்பாள். அலமாரியில் இருந்த அத்தனையும் முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பட்டன் வைத்தவை. இப்போது அந்த அலமாரியே கூடாது என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாம்பல் நிறத்தில் கெட்டியான பருத்தித் துணி. வெல்க்ரோ வைத்தால் அம்மா ஒரே இழுப்பில் பிய்த்துவிடுவாள். அமுக்கு பட்டனும் அப்படித்தான். வெறும் கொக்கி என்றால் விரலே வழி கண்டுபிடித்துவிடும். ஆகவே கழுத்துக்குக் கீழே தொடங்கி இடுப்பு தாண்டிப் போகிற நீள ஜிப், அதன் தலைமாட்டில் இழுப்பானை மறைத்துப் பிடிக்க ஒரு கொக்கி. அம்மாவின் கை எட்டாத இடமாகப் பார்த்து அளவெடுத்தாள். தன் அம்மாவின் கைக்கு எட்டாத இடம் எது என்று டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததோடு சரி, கை பாட்டுக்கு வேலையைச் செய்தது.

போட்டுப் பார்த்தபோது அம்மா மார்பைத் தடவிப் பார்த்தாள். "பட்டன் எங்கங்க?" என்றாள். மறுபடியும் தடவினாள். முகம் கலவரப்பட்டுவிட்டது. "பட்டனே இல்லையே. நான் எப்படிப் போடுவேன்?"

"வச்சுத் தரேன்மா. கொஞ்சம் பொறு."

அப்போதுதான் மகளுக்கு அந்த யோசனை வந்தது. முன்பக்கம் ஒரு துணிப் பட்டியை வைத்து இருபுறமும் தைத்து மூடினாள். அதன்மேல் வரிசையாகப் பெரிய பட்டன்களை இறுக்கித் தைத்தாள். காஜா எடுக்கவில்லை. திறப்பே இல்லாத பட்டிக்குத் துளை எதற்கு? பார்வைக்குப் பட்டன், அவ்வளவுதான். அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து அமைதியானாள். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக மகள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் பொறுப்பாளர் நாற்காலி போடவில்லை. வாசலிலேயே சிரித்தார். "உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும். இன்னைக்கு ஒரு தொந்தரவும் இல்ல. சாப்பிடக்கூட எந்திரிக்கல. காலையிலேர்ந்து அந்தப் பட்டனைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க, குழந்தை மாதிரி."

மகளும் பதிலுக்குச் சிரித்து வைத்தாள். அம்மாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டபோது அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விரித்துப் பார்த்தால் இரண்டு கட்டைவிரல் நகமும் சதையோடு பிளந்திருந்தன. விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. எல்லாப் பட்டன் விளிம்பிலும் ரத்தம் காய்ந்து பழுப்பேறியிருந்தது.

பல் ஊசியின் மரப்பு ஒரேயடியாக இறங்கியது போலிருந்தது. வயிற்றிலிருந்து கழுத்துவரை வலித்தது. மகள் ஜிப்பை இறக்கி அந்தக் கவுனைக் கழற்றினாள். அம்மாவின் பழைய உடுப்பு ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு, விரல்களுக்கு மருந்து போட்டுத் துணி சுற்றினாள். அம்மா அந்தச் சாம்பல் கவுனை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு பட்டனுக்கு அடியில் தேடினாள்.

"யார் தைச்சாங்களோ பாவம், காஜா எடுக்க மறந்துட்டாங்க. நான் நாள் பூரா தேடறேங்க, ஒண்ணுகூட இல்ல."

அம்மா கவுனை மகள் பக்கம் நீட்டினாள்.

"எம் பொண்ணுகிட்ட குடுங்க, சரி பண்ணிடுவா. காஜா எடுக்கறதுல அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது."

வாழ்நாளில் ஒரு தடவைகூட அம்மா அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. கோணல் என்பாள், பிரி என்பாள், நூல் தண்டம் என்பாள். மகள் தேம்பித் தேம்பி அழுதாள். எதிரே உட்கார்ந்து அழுகிறவளை அம்மா மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்து மகள் பிளேடை எடுத்தாள். பட்டியைப் பிரித்து, முன்பக்கத்தை வெட்டித் திறந்து காஜா எடுத்தால் அம்மா நாளைக்கே ஹாலில் நின்று கழற்றுவாள். காப்பகம் திருப்பி அனுப்பிவிடும். முதலாளி கண்ணாடியைத் துடைப்பதோடு நிற்கமாட்டார். எல்லாம் தெரிந்துதான் கவுனை மடியில் இழுத்துப் போட்டு, பட்டியின் தையலில் பிளேடை வைத்தாள்.

அம்மா அவசரமாக அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாங்க, துணி பாழாயிடும். எம் பொண்ணு வரட்டும்."

"வந்துட்டாம்மா."

அம்மா முகம் மலர்ந்து, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.