பீரங்கிக்கு வைத்த பொட்டு

நாலு வண்டிகளும் டிரெய்லரில் வந்து இறங்கியபோதே அழகர்சாமிக்கு அவற்றைப் பிடிக்கவில்லை. பார்க்க என்னவோ சின்ன வண்டிதான். நாலு சக்கரம், தடித்த இரும்புத் தகடு, உள்ளே மூன்று பேர் முட்டி இடிக்க உட்காரலாம். பிரெஞ்சுக்காரன் செய்தது. படைக்கு முன்னால் ஓடி, எதிரி எங்கே கிடக்கிறான் என்று வேவு பார்த்துவிட்டு உயிரோடு திரும்ப வேண்டிய வண்டி. எந்த நாட்டு ராணுவமோ வாங்கி, அடித்து ஓட்டி, கிழடு தட்டியதும் கழித்துவிட்டிருந்தது. அதை விஸ்வலிங்கம் வாங்கிப் போட்டிருந்தார்.

விஸ்வலிங்கம்தான் பட்டறை முதலாளி. பூன் லேயைத் தாண்டித் தொழிற்பேட்டைக்குள் பட்டறை. பழைய ராணுவ வண்டிகளைத் தட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து மியூசியத்துக்கும் சினிமாக்காரர்களுக்கும் விற்பது தொழில். சிரிக்காமல் ஒரு பேச்சும் பேசமாட்டார். காரணமில்லாமல் சிரிக்கிற எவனையும் அழகர்சாமி நம்பியதில்லை. காரணத்தோடு சிரிக்கிறவனையும் பாதிதான் நம்புவார்.

அந்த நாலுக்கும் உடம்பு ஒன்றுதான், தலை வேறு. இரண்டு வண்டிகளின் தலையில் அறுபது மில்லிமீட்டர் மோட்டார், குண்டைத் தூக்கி எறிகிற குட்டைக் குழாய். புதருக்குள் பதுங்கினவனைத் தேடிக் கொல்ல அது. மூன்றாவதில் இருபது மில்லிமீட்டர் பீரங்கி, லாரியையும் லாரிக்குள் இருப்பவனையும் சேர்த்துக் கிழிக்க. நாலாவதில் தொண்ணூறு. அந்தச் சின்ன உடம்புக்கு அவ்வளவு நீளக் குழல் பொருந்தவே இல்லை. டாங்கியை எதிர்த்து நிற்க அதை வைத்தார்களாம். பக்கத்தில் இருந்த இயந்திரத் துப்பாக்கிகளை மட்டும் ராணுவக்காரன் கழற்றிக்கொண்டு பெரிய குழல்களை அப்படியே விட்டிருந்தான்.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. குழல் உயிரோடு வெளியே போகக்கூடாது. குண்டைப் போட்டு மூடுகிற பின்பூட்டை வெல்டிங் வைத்து அடைக்க வேண்டும், குழலில் ஓட்டை போட வேண்டும். அழகர்சாமியின் கை அந்த வேலைக்குப் பழகின கை. அவர் முடித்ததும் சூப்பர்வைசர் பார்த்து, செத்துவிட்டது என்று பேப்பரில் கையெழுத்துப் போடுவார். சூப்பர்வைசர் வேறு யாரும் இல்லை, ஜெய். அழகர்சாமியின் ஒரே மகன். டிப்ளமா முடித்தவன்.

இந்தத் தடவை விஸ்வலிங்கம் பெயிண்ட் மட்டும் போதும் என்றார். குழலை அடைக்க வெளியிலிருந்து ஆள் வருவார்களாம். ஒருத்தனும் வரவில்லை. ஆனால் பேப்பர் மட்டும் ஜெய்யின் கையெழுத்தோடு தயாராகிவிட்டது என்று எஞ்சின் வேலை பார்க்கும் ஜாஃபர் வந்து சொன்னார். அன்றைக்கு அழகர்சாமி பஸ், எம்ஆர்டி ரயில் என்று மாறி மாறிப் பொங்கோலில் இருந்த மகன் வீட்டுக்கே போய்க் கேட்டார். அவன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது உங்க வேலை இல்ல லா, அப்பா. பெயிண்ட் அடிச்சாச்சா, அதோட விடுங்க."

மியூசியத்துக்குப் போகிற வண்டி இல்லை என்று அப்போதே விளங்கிவிட்டது. எங்கேயோ மணல் பறக்கிற ஊரில் மீசை முளைக்காத பையன்கள் அதற்குள் ஏறி உட்காருவார்கள். அதைப் பற்றி அவர் அதிகம் யோசித்தார் என்று சொன்னால் பொய். அவர் யோசித்ததெல்லாம் கையெழுத்தைப் பற்றித்தான். இந்த ஊரில் எதை வேண்டுமானாலும் பேசித் தப்பிக்கலாம், ஆயுத விவகாரத்தில் தப்ப முடியாது. ஜெய்க்கு முப்பத்தாறு வயது. ஜெயில் மட்டுமில்லை, ரோத்தானும் விழும். பிரம்படி வாங்கின ஒருவனை அழகர்சாமி வாலிபத்தில் பார்த்திருக்கிறார். மல்லாந்து படுக்க அவனுக்கு எத்தனையோ வாரம் ஆனது.

அப்படியும் வண்டிகள் சத்தமில்லாமல் கப்பல் ஏறியிருக்கும். கெடுத்தது ஆயுத பூஜை.

பூஜைக்கு முந்தின நாள் ஆளாளுக்குக் கேம்பல் லேனில் மாலையும் வாழைக்கன்றும் வாங்கி வந்தார்கள். பட்டறை பூஜையை நடத்துவது அழகர்சாமி. அதில் அவர் பிடித்த பிடியை விடமாட்டார். வேலை நடந்த எதையும் மூடி வைத்துச் சூடம் காட்டக்கூடாது. எந்த இடத்தில் வேலை நடக்கிறதோ அந்த இடத்தைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, அங்கேதான் பொட்டு வைக்க வேண்டும். கடைசல் மெஷினுக்கு அதன் வாயில், வெல்டிங் செட்டுக்கு அதன் பிடியில். வண்டிகள் மேல் கிடந்த தார்ப்பாயை எடுக்கச் சொன்னதும் அவர்தான். வேண்டாம் என்று ஜெய் கண்ணைக் காட்டியிருக்கிறான், அது அவர் கண்ணில் படவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு தொண்ணூறின் தலைக்குள் இறங்கி, பின்பூட்டைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மேலும் கீழும் இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு நடுவில் குங்குமம் வைத்தார். பூட்டு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

மருமகள் ரக்ஷனா மேலேயிருந்து அதைப் போனில் வீடியோப் படம் எடுத்தாள். மாமனார் பீரங்கிக்குப் பொட்டு வைக்கிறார் என்று அவளுக்குப் பெருமை. சொந்தக்காரர்களுக்கு அனுப்பினாள். அவர்கள் வேறு யாருக்கோ அனுப்பினார்கள். பிரெஞ்சு வண்டி என்றால் உயிரை விடும் எவனோ ஒருவன் கண்ணில் கடைசியில் பட்டது. இந்தப் பூட்டு அசைகிறதே, அடைத்த குழலில் பூட்டு எப்படி அசையும் என்று அவன் ஊரறியக் கேட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு போன் வந்தது. திங்கட்கிழமை அதிகாரிகள் வருவார்கள், எதையும் நகர்த்தக்கூடாது என்றார்கள். அன்று மத்தியானமே விஸ்வலிங்கம் அவசர வேலையாக வெளிநாடு போனார். அதன்பிறகு அவர் போன் அணைந்தே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரக்ஷனா கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. படத்தை எடுத்தது அவள் என்பதால் ஜெய் இரண்டு நாளாக அவளோடு பேசவில்லையாம்.

"மாமா, அவரை விட்டுடாதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

அழகர்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். அவர் கணக்கு இதுதான். குழல்கள் செத்துவிட்டன என்று பேப்பர் சொல்கிறது. அப்படியானால் அவற்றைக் கொன்றுவிட வேண்டியதுதான். எப்போது கொன்றாய் என்று கேட்டால், எனக்குக் கொடுத்த வேலையை நான்தான் செய்யாமல் ஏமாற்றினேன், முடித்துவிட்டேன் என்று பையனிடம் பொய் சொன்னேன், அவன் அப்பன் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டான் என்று சொல்லிவிடலாம். ஐம்பது தாண்டியவனுக்கு ரோத்தான் கிடையாது. அவருக்கு அறுபத்தெட்டு. ஜெயிலில் படுத்தால் என்ன, பூன் லே வீட்டில் படுத்தால் என்ன.

கேட்டைத் திறந்துவிட்டது ஜாஃபர். என்ன செய்யப் போகிறார் என்று கேட்டவர், பதிலைக் கேட்டதும் தாடியைத் தடவினார்.

"நகர்த்தக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அண்ணே. கேமரா வேற ஓடுது."

"ஓடட்டும் பாய். நான் எதையும் நகர்த்தலயே."

ஜாஃபருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் உள்ளே வரவில்லை, தீயணைக்கிற சிலிண்டரை மட்டும் வாசலில் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

மோட்டார் இரண்டும் சீக்கிரம் முடிந்தன. இருபது கொஞ்சம் முரண்டு பிடித்தது. தொண்ணூறுக்குள் இறங்கியபோது அவர் முட்டிகள் மடங்க மறுத்தன. உள்ளே வெயிலுக்கு இரும்பு கொதித்தது. வெல்டிங் வெளிச்சம் விழுந்தபோதுதான் ஓட்டுகிறவன் இருக்கைக்குப் பின்னால் ஒட்டுப் போட்ட தகடு ஒன்று தெரிந்தது. வெளியிலிருந்து எதுவோ துளைத்துக்கொண்டு வந்த இடம். அதற்குக் கீழே, எத்தனை பெயிண்ட் அடித்தும் மறையாத பழுப்புக் கறை. அதை ஓட்டினவன் இந்தக் கையகல இடத்தில் எப்படி உட்கார்ந்திருப்பான், எந்தப் பக்கம் சாய்ந்திருப்பான் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பொறி தெறித்துக் கழுத்தில் விழுந்தது. எரிந்த பெயிண்டின் புகையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். பூட்டைச் சுற்றி உருகின இரும்பு நிறைகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.

ஏறி வெளியே வந்தபோது ஜெய் நின்றுகொண்டிருந்தான், ஷட்டருக்கு வெளியே, ரோட்டு ஓரத்தில். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. உள்ளே வாடா என்று கூப்பிட்டார். அவன் கூரையில் இருந்த கேமராவைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். அழகர்சாமியே நடந்து போனார். முகமெல்லாம் கரி. மகன் கைக்குட்டை கொடுப்பான் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, கையை நீட்டினார். அவன் பார்வை வண்டிகள் மேல் இருந்தது.

"நாலும் முடிஞ்சிருச்சா?"

முடிந்துவிட்டது என்றார்.

"நீங்களேதான் செஞ்சீங்களா, வேற யாரும் கூட இல்லையா?"

நான் மட்டும்தான் என்றார். நாளைக்கு நீ வாயைத் திறக்காதே, நான் பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். தன் கணக்கு என்னவென்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் சம்மதிக்கமாட்டான், அப்பாவைப் போகவிடமாட்டான் என்று பயந்தார். யாரையும் நம்பாத மனுஷன் இதை மட்டும் முழுசாக நம்பினார்.

திங்கட்கிழமை ஆறு பேர் வந்தார்கள். பெரிய அதிகாரி சீனர். தொண்ணூறின் தலைக்குள் எட்டிப் பார்த்து, வெல்டிங்கை விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டு போனார். வெல்டிங் சூட்டில் இரும்பில் ஏறின நீலம் இன்னும் மங்கவில்லை. யார், எப்போது என்று இங்கிலீஷில் கேட்டார். அழகர்சாமி முன்னால் ஓர் அடி வைத்தார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்குள் ஜெய் பேச ஆரம்பித்துவிட்டான்.

சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வந்திருந்தான். தடங்கலே இல்லை, ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்தவன் மாதிரி பேசினான். இங்கிலீஷ் அழகர்சாமிக்கு அரைகுறை. வெல்டர் என்று ஒரு தடவை காதில் விழுந்தது. சண்டே என்று விழுந்தது. கேமராவை நோக்கி மகனின் விரல் நீண்டது. பிறகு அதே விரல் அவர் பக்கம் திரும்பியது. அப்பா என்ற சொல் மட்டும் எங்கேயும் வரவில்லை. மிஸ்டர் அழகர்சாமி என்றான்.

நிரஞ்சனா என்ற தமிழ் அதிகாரி அவரை ஓரமாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஜெய் சொன்னதைத் தமிழில் சொன்னாள். குழல்களை அடைக்கிற வேலை வெல்டரிடம் கொடுக்கப்பட்டது. முடித்துவிட்டதாக அவர் பொய் சொன்னார். அதை நம்பி சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார். விஷயம் வெளியே வந்ததும் வெல்டர் ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து அடைத்திருக்கிறார்.

வார்த்தைக்கு வார்த்தை அவர் சொல்ல நினைத்ததுதான். அவர் கொடுக்க வைத்திருந்ததை அவன் முன்னாலேயே எடுத்துக்கொண்டுவிட்டான்.

"இன்னொன்னும் சொல்றாரு ஐயா," என்றாள் அவள். "உங்க மேல ரொம்ப நாளாவே டவுட் இருந்துச்சாம். வெளிய யாருக்கோ நீங்க சாமான் விக்கிறீங்கன்னு."

அது அவர் கணக்கில் இல்லாதது. அதற்குத் தேவையும் இல்லை. முதல் பொய் ஒன்றே மகனைக் காப்பாற்றியிருக்கும். அழகர்சாமி தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். அந்தப் பக்கம் ஜெய் பெரிய அதிகாரியிடம் எதற்கோ தலையாட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

நிரஞ்சனா இரண்டு பேரின் அடையாள அட்டைகளையும் கையில் வைத்துப் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். ஜெய் எஸ்/ஓ அழகர்சாமி என்று எழுதியவள் பேனாவை நிறுத்தினாள். ஒரு அட்டையைப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஐயா, அவர் உங்க பையனா?"

"ஆமா."

அவள் எதற்கோ காத்திருந்தாள். இன்னும் சொல்ல நேரம் இருக்கிறது, சொல்லிவிடுங்கள் என்கிற மாதிரி இருந்தது அந்த முகம்.

"அவன் சொன்னது எல்லாம் உண்மை," என்றார் அழகர்சாமி. "அந்தக் கடைசியில சொன்னதையும் சேர்த்து எழுதிக்கம்மா."