சத்து மாத்திரை

பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கருணாகரனுக்கு மகளின் வியாதியைவிட, அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிது. கடையில் அதட்டலுக்குக் குறைவில்லாத மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நடுங்குவார்.

சரண்யாவுக்கு ஒரு வயதில் கடும் ஜுரத்தோடு வலிப்பு வந்து, அரைமணி நேரத்துக்கு மேல் நிற்கவே இல்லை. பிறகு பல வருஷம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதில், தூக்கத்தில், மறுபடி வந்தது. அடையாறு டாக்டர் நீரஜா மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"ஜுரத்துல வலிப்பு வர்ற குழந்தைங்க முக்காவாசிப் பேருக்கு இப்படி ஆகறதில்ல. இவளுக்கு ரொம்ப நேரம் நீடிச்சதால மூளையில ஒரு வடு விழுந்திருக்கு. இப்ப வர்றது அதுலேர்ந்துதான். பரம்பரை வியாதி இல்ல. மாத்திரைய மட்டும் ஒரு நாள்கூட விட்டுடாதீங்க."

அவ்வளவு சொல்லியும் என்ன பிரயோஜனம்? கருணாகரன் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு வைட்டமின் பாட்டிலில் போட்டார். "சத்து மாத்திரை தாயி. உனக்குப் பலவீனம், அதான் மயக்கம் வந்துச்சு" என்று மகளிடம் கொடுத்தார். தடுக்கப் பார்த்த மனைவி ஜெயபாரதியை, "நாலு பேருக்குத் தெரிஞ்சா பொண்ணு எடுப்பாகளா?" என்று வாயடைக்க வைத்தார். வருஷங்கள் அப்படியே ஓடின.

தொண்ணூற்றேழு ஆவணியில் ஒரு நகைக்கடைக் குடும்பத்திலிருந்து வரன் வந்தது. வீட்டுக்கு வருமுன், சேலை எடுக்க வருவதுபோலக் கடைக்கு வந்து பெண்ணைப் பார்த்துப் போவது அவர்கள் வழக்கம். பிடிக்காவிட்டால் சேலையோடு போய்விடலாம், யாருக்கும் அவமானமில்லை.

கருணாகரன் சரண்யாவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். ஊரூர் குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் புஷ்பம் பட்டுச்சேலைகளை விரித்துக் காட்டினாள். ஒரு வாரமாக அவள் நின்றபடியே தூங்கி வழிகிறாள் என்று காலையில்தான் எல்லோர் முன்னாலும் அவளை வைதிருந்தார்.

மாப்பிள்ளையின் தாயார் ஒரு சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது சரண்யா நாற்காலியிலிருந்து சரிந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. ஜெயபாரதி ஓடிவந்து அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

இழுப்பு அடங்கியதும் அந்த அம்மாள் கேட்டார். "உங்க வகையில யாருக்கும் இது உண்டுமா?"

"சேச்சே! காலையில சாப்பிடல, வெறும் மயக்கம்" என்றார் கருணாகரன்.

புஷ்பம் அழுதுகொண்டே முன்னால் வந்தாள். "எல்லாம் என்னாலதான் மொதலாளி. பாப்பா அதோட சத்து மாத்திரைய ஒரு வாரமா எனக்குத்தான் குடுக்குது. 'நாள் பூரா நின்னுகினு கீற, நீ துன்னு'ன்னுச்சு. நானும் துன்னுட்டேன். அத்தான் அதுக்கு சத்து பூட்ச்சு."

கருணாகரனுக்கு காலையில் தான் வைததற்குக் காரணமான தூக்கம் இந்த மாத்திரையால் வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. இனியும் பொய் சொன்னால் இவளும் கெடுவாள்.

"அது சத்து மாத்திரை இல்லம்மா. வலிப்பு மாத்திரை. இனிமே தொடாத. டாக்டர்கிட்ட நீயும் வா" என்றார். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

அந்த அம்மாள் சேலையை மடிக்காமலே வைத்துவிட்டுக் குடும்பத்தோடு படியிறங்கினார். கருணாகரன் அவர்களைக் கூப்பிடவில்லை.

சரண்யாவுக்குத் தெளிவு வர வெகுநேரமாயிற்று. ஜெயபாரதி நடந்ததையெல்லாம் சொன்னாள். சரண்யா வரன் போனதைப் பற்றிக் கேட்கவே இல்லை. சுவரோரம் சோர்ந்து உட்கார்ந்திருந்த புஷ்பத்தையே பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லியிருந்தா, அவளுக்குக் குடுத்திருப்பேனாப்பா?"