பச்சைக் கதவின் முன்னால் கிடந்தவள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்பசேகரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் இறந்துபோனேன். பகடையில் ஒன்று விழுந்தது. மற்றவர்கள் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அது கதை சொல்லி ஆடும் ஆட்டம். இன்பசேகர் கதையை நடத்துவார். நாங்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவோம். நான் கொடிச்சி என்ற வில்லாளி. கல்லூரிக் காலத்திலிருந்தே நான் அவளாக இருந்தேன்.

அன்று நடைவழியின் கோடியில் ஒரு பச்சைக் கதவு இருப்பதாக இன்பசேகர் சொன்னார். டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்கும் குரலில் சொன்னார். நான் திறந்தேன். உள்ளே இருந்த மிருகம் என்னைத் தின்றுவிட்டது.

“ஒரு வார்த்தை எச்சரிச்சிருக்கலாமே சார்?”

“சொன்னா த்ரில் போயிடும்மா.”

என் பகடைகளை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தோழி ராபியா மட்டும் எனக்காக அழுதாள். ஆட்டத்தில் அவள் வைத்தியர்.

நான் வீட்டுக்குப் போனேன். துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் காபி போட்டேன். என் கணவர் அருள்மணி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

“அவ இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் டிகாஷன் விட்டிருப்பா.”

நான் டிகாஷன் விட்டேன். அவர் கவனிக்கவில்லை. இன்பசேகரைப் பழிவாங்குவது என்று அப்போது முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறு போனேன். என் நாற்காலியில் ஒரு குக்கர் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது. நன்றாகவே ஆடியது.

“செத்தவங்க ஆட முடியாது,” என்றார் இன்பசேகர். “வேணும்னா எலும்பா இரு. ஆபத்துன்னா முன்கூட்டியே தெரியணும்னு ராபியா சண்ட போடுறா. நீ கதவு முன்னாடி கிட. பாத்துப் புரிஞ்சுக்கட்டும்.”

அவர் வர்ணிக்க வர்ணிக்க வீட்டின் நடைவழி நீண்டது. குளியலறையைத் தாண்டி, பக்கத்து வீட்டைத் தாண்டி, பேருந்து நிலையத்தையும் தாண்டிப் போனது. கோடியில் பச்சைக் கதவு. நான் எலும்பாகி அதன் முன்னால் படுத்தேன்.

வேலை கஷ்டமில்லை. சின்ன ஆபத்துக்குக் கையைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும். பெரிய ஆபத்துக்கு மண்டை ஓடு கதவைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். உயிரே போகும் என்றால் கூடவே நாற்றமும் வேண்டும். நான் எல்லாவற்றையும் செய்தேன். வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் போனார்கள். குக்கர்கூட ஒரு விசில் அடித்துவிட்டுத் திரும்பியது.

யாரும் திறக்காதது இன்பசேகருக்கு எரிச்சல். ஒருநாள் ராபியாவை இழுத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

ராபியா துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். “சார், இது உயிர் போற எடம். எலும்பு எப்பிடி வாயப் பொளந்து கெடக்கு பாருங்க.”

“சும்மா அலங்காரத்துக்குப் போட்டதும்மா. நீ முன்னாடி போ.”

“நீங்க போங்களேன்.”

ராபியாவின் பக்கம் நாற்றத்தை அப்படியே விட்டுவைத்தேன். அவர் பக்கம் நிறுத்தினேன். வாயை மூடினேன். கழற்றிய கையை மாட்டித் தலைக்கு முட்டுக் கொடுத்து, சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவள்போல ஒருக்களித்தேன். பிறகு வெங்காய பஜ்ஜி வாசனையை விட்டேன். எலும்பிலிருந்து பஜ்ஜி வாசனை வரவழைப்பது லேசில்லை. கோபம் உதவியது.

இன்பசேகர் மூக்கை உறிஞ்சினார். “உள்ள பஜ்ஜி போடுறாங்க போலிருக்கே.”

“எனக்குப் பொண நாத்தந்தான் அடிக்குது.”

அவர் கேட்கவில்லை. என் விலா எலும்பை மிதித்துக்கொண்டு உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ராபியா குனிந்து பார்த்தாள். “நீதானாடி?”

“நாந்தான். பேசாம கேளு.”

அவர் அலறுவதைக் கேட்க நான் தயாராக இருந்தேன். முதலில் உறுமல் வந்தது. பிறகு இன்பசேகரின் குரல் வந்தது.

“இரு இரு. அப்பிடியெல்லாம் சும்மா வந்து கடிக்க முடியாது. மொதல்ல விதிமுறை என்னன்னா…”

அவர் விளக்க விளக்க உறுமல் சிறுத்தது. விசும்பலானது. பிறகு கதவு திறந்து மிருகம் வெளியே வந்தது. எருமை அளவு இருந்தது. அழுது கண் வீங்கியிருந்தது.

“இவரு எப்பக்கா நிறுத்துவாரு?” என்று என்னைக் கேட்டது.

“நிறுத்த மாட்டாரு.”

மிருகம் சத்தமில்லாமல் கதவைச் சாத்தியது. ராபியா தாழ்ப்பாள் போட்டாள். நான் என் தொடை எலும்பைக் கழற்றித் தாழ்ப்பாளின் குறுக்கே செருகினேன். அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

மிருகம் எனக்குத் தோள் கொடுத்தது. நான் நொண்டினேன். மனசு நிறைந்திருந்தது.

“இதுவரைக்கும் ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து இன்பசேகர் கேட்டார்.

நாங்கள் நடந்துகொண்டிருந்தோம்.